‘காரைக்குடி’ ஏன் கேள்விக்குறியாகிறது? எக்ஸ்எம்எல் குறியாக்கச் சிக்கல்கள்: ஒரு விளக்கம்

ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பவர்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையைக் காரைக்குடியில் விற்பவர்கள், கானாடுகாத்தானில் பழைய வீடுகளை விடுதியாக நடத்துபவர்கள், சீடையும் தேன்குழலும் வெளியூருக்கு அனுப்புபவர்கள் என்று செட்டிநாட்டில் பலரும் இன்று இணையத்தில் வியாபாரம் செய்கிறார்கள். அவர்களுடைய தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. அதே பொருள் பட்டியலை வேறொரு விற்பனைத் தளத்துக்கோ கணக்கு மென்பொருளுக்கோ எக்ஸ்எம்எல் (மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஓர் உரை வடிவம்) கோப்பாக அனுப்பும்போதுதான் வினை தொடங்குகிறது. ‘கண்டாங்கி’ ஓரிடத்தில் கேள்விக்குறி வரிசையாகிறது. இன்னோரிடத்தில் ஐரோப்பிய எழுத்துகளும் சின்னங்களும் கலந்த குப்பையாகிறது. மற்றோரிடத்தில் கோப்பையே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

‘இவர்களுடைய மென்பொருளுக்குத் தமிழ் வராது’ என்று கடைக்காரர் முடிவு கட்டுகிறார். ‘எழுத்துருக் கோளாறு’ என்று நிரலாளர் சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் இரண்டுமே தவறு. எழுத்துகளை எண்ணாக மாற்றும் முறையில், ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை வேறுவிதமாகப் படித்திருக்கும். எந்தக் கைமாற்றத்தில் அது நடந்தது என்று கண்டுபிடிக்காமல் திரையில் தெரிவதைத் திருத்தப் போனால் சிக்கல் இருமடங்காகும்.

## எழுத்து, குறியெண், பைட்

மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

முதல் அடுக்கு, கண்ணுக்குத் தெரியும் எழுத்து. இரண்டாவது, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு என்ற பொதுத்தரம் அதற்குக் கொடுத்திருக்கும் எண். அதைக் குறியெண் என்போம். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘க’வின் குறியெண் 2965. மூன்றாவது அடுக்கு, அந்த எண் வட்டிலும் கம்பியிலும் எந்தப் பைட்களாக (0 முதல் 255 வரையுள்ள எண்களாக) பயணிக்கிறது என்பது. இதைத்தான் குறியாக்கம் என்கிறார்கள்.

இணையத்தில் இப்போது பெரும்பாலும் புழங்குவது யூடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த முறை இது. இதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று பைட். ‘க’ என்றால் 224, 174, 149. இதே ‘க’ யூடிஎஃப்-16இல் இரண்டே பைட்: 11, 149.

‘காரைக்குடி’யை எடுத்துக்கொள்வோம். படிப்பவருக்கு அது ஐந்து எழுத்து. துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள் என்பதால் யூனிகோடு கணக்கில் பத்து. யூடிஎஃப்-8இல் முப்பது பைட். ‘இந்தச் சொல்லின் நீளம் எவ்வளவு?’ என்று மூன்று மென்பொருள்களைக் கேட்டால் மூன்று விடை வரும், மூன்றும் சரியாகவே இருக்கும். பின்னால் வரப்போகும் சில விபத்துகள் இந்த இடத்தில் கருக்கொள்பவை.

224, 174, 149 என்ற மூன்று எண்கள் தம்மைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பேரேட்டில் பற்றுப் பத்தியை வரவென்று ஒருவர் படித்தால், தொகைகள் எல்லாம் எழுதியபடியே இருக்கும். கணக்கு மட்டும் தலைகீழாகிவிடும். பைட்களின் நிலையும் அதுதான். விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று நினைத்துக்கொண்டு படிப்பவருக்கு 224 என்பது தலையில் சாய்கோடு இட்ட ஒரு லத்தீன் உயிரெழுத்து, 174 பதிவுபெற்ற வணிகச் சின்னம், 149 ஒரு தடித்த புள்ளி. ஒரு ‘க’ மூன்று அந்நியர்களாகிவிடும்.

## எக்ஸ்எம்எல் விதிக்கும் நிபந்தனைகள்

எக்ஸ்எம்எல் 1.0, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 1998 பிப்ரவரி 10 அன்று வெளிவந்தது. தொடக்கத்திலிருந்தே அது யூனிகோடை அடித்தளமாகக் கொண்டது. உறுப்புகளின் பெயரைக்கூடத் தமிழில் வைக்கலாம்: <பொருள்>கண்டாங்கி</பொருள்> என்பது முற்றிலும் செல்லுபடியாகும் எக்ஸ்எம்எல். குறியாக்கத்தைப் பொறுத்தவரை அதன் விதிகளில் முக்கியமானவை:

1. எந்த எக்ஸ்எம்எல் பார்சரும் (கோப்பைப் பகுத்துப் படிக்கும் நிரல்) யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16 இரண்டையும் படித்தே ஆக வேண்டும். வேறு தகவல் எதுவும் இல்லாத கோப்பு யூடிஎஃப்-8 என்றே கொள்ளப்படும். யூடிஎஃப்-16 என்றால் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி (குறியாக்கத்தை அடையாளம் காட்டும், கண்ணுக்குத் தெரியாத குறி) இருக்க வேண்டும்.

2. கோப்பின் முதல் வரியில் குறியாக்கத்தை அறிவிக்கலாம். அந்த அறிவிப்புக்கு முன்னால் ஒரு வெற்றிடம்கூட இருக்கக் கூடாது.

3. அறிவித்த குறியாக்கத்தில் அடங்காத பைட் வந்தால் அது மீட்சியில்லாப் பிழை. பார்சர் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது விதிதான் பலருக்கும் எரிச்சலூட்டுவது. எச்டிஎம்எல் பக்கத்தில் பிழை இருந்தால் உலாவி ஏதோ ஒருவிதமாக ஒப்பேற்றிக் காட்டிவிடும்; எக்ஸ்எம்எல் அப்படி விட்டுக்கொடுக்காது. இந்தக் கண்டிப்பு நல்லது என்பதே என் கருத்து. ஆயிரம் பொருள்களின் பெயர்கள் சத்தமில்லாமல் சிதைந்து வாடிக்கையாளர் கண்ணில் படுவதைவிட, அனுப்பும்போதே நின்றுபோவது மேல்.

அறிவிப்பு ஒன்று சொல்லி, சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் விவரக் குறிப்பான எச்டிடிபி தலைப்பு வேறொன்று சொன்னால்? 2001இல் வந்த விதிப்படி, எக்ஸ்எம்எல்லை ‘டெக்ஸ்ட்’ வகையாகக் குறித்து, குறியாக்கத்தைச் சொல்லாமல் அனுப்பினால், கோப்புக்குள் என்ன எழுதியிருந்தாலும் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இடமுள்ள பழைய குறியாக்கம்) என்றே கொள்ள வேண்டும். நடைமுறைக்கு ஒவ்வாத இந்த விதி 2014இல் மாற்றப்பட்டது. இப்போது பைட் வரிசைக் குறிக்கு முதலிடம், எச்டிடிபி தலைப்புக்கு இரண்டாமிடம், கோப்பின் அறிவிப்புக்கு மூன்றாமிடம். பழைய மென்பொருள் எதிர்முனையில் இருந்தால் பழைய விதி இன்னும் உயிரோடிருக்கும். மூன்றிலும் ஒரே பதிலைச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

## சிதைவைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

வெறும் கட்டங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம்: தரவு சரி, அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. ‘எழுத்துருக் கோளாறு’ என்ற தீர்ப்பு பொருந்துவது இந்த ஒன்றுக்குத்தான்.

கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், அது குறியெண் 65533. யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கும்போது பொருந்தாத பைட் வந்த இடத்தில் இது வைக்கப்படுகிறது. மூலக் கோப்பு கையில் இருந்தால் சரியான குறியாக்கத்தோடு மறுபடி படிக்கலாம்.

சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால், தமிழுக்கு இடமே இல்லாத ஒரு குறியாக்கத்துக்கு யாரோ மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். எக்செலில் சாதாரண சிஎஸ்வி வடிவில் சேமிப்பது, பழைய நோட்பேடில் ‘ஆன்சி’யாகச் சேமிப்பது, எஸ்கியூஎல் சர்வரில் யூனிகோடு முன்னொட்டு இல்லாமல் தமிழை நுழைப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். இங்கே தரவு போனது போனதுதான். மூலப் பிரதியைத் தேடுவதைத் தவிர வழியில்லை.

ஐரோப்பிய எழுத்துக் குப்பை தெரிந்தால், சேதி சற்று நல்லது. ஆனால் முழுக்க நல்லதில்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

## இரட்டைக் குறியாக்கம்: தொலையும் புள்ளிகள்

யூடிஎஃப்-8இல் சரியாக இருக்கும் தமிழை விண்டோஸ்-1252 என்று தவறாகப் படித்து, கிடைத்த குப்பையை ‘யூடிஎஃப்-8க்கு மாற்றுகிறேன்’ என்று மறுபடி எழுதினால் அது இரட்டைக் குறியாக்கம். மூன்று பைட்டாக இருந்த ‘க’ இப்போது ஏழு பைட். எக்ஸ்எம்எல் பார்சர் இதைப் பிழையென்று சொல்லாது. யூடிஎஃப்-8 விதிப்படி எல்லாம் சுத்தமாகவே இருக்கும். பொருள்தான் போயிருக்கும்.

இது நுழையும் வாசல்கள் பல. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை இயல்பான குறியாக்கம், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1. வரிசைப்படுத்தும் விதி சுவீடன் மொழிக்கானது. சீடை, முறுக்குப் பட்டியலைச் சுவீடன் அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்த தரவுத்தளங்கள் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கலாம். அட்டவணை யூடிஎஃப்-8ஆக இருந்தும் இணைப்பு லத்தீன்1ஆக இருந்தால் சிதைவு உறுதி. பிஎச்பி என்ற நிரல்மொழியில் ‘யூடிஎஃப்8 என்கோட்’ என்ற செயல்கூறு, வருவது லத்தீன் எழுத்துதான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பி மாற்றும். ஏற்கெனவே யூடிஎஃப்-8ஆக இருப்பதைக் கொடுத்தால் கெடுத்துவிடும். 2022இல் வந்த 8.2 பதிப்பில் அதைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். ஜாவா நிரல்மொழியில் குறியாக்கம் சொல்லாமல் படித்தால், இயங்கும் கணினியின் அமைப்பே எடுத்துக்கொள்ளப்பட்டு வந்தது. 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்துதான் எங்கும் யூடிஎஃப்-8.

‘தலைகீழாகச் செய்தால் திரும்பக் கிடைத்துவிடும்’ என்று பலரும் சொல்வார்கள். பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழுக்கு அப்படியில்லை. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழின் பைட்கள் அந்தக் காலி இடங்களில்தான் போய் விழுகின்றன:

1. புள்ளி: 224, 175, 141
2. உகரக் குறி: 224, 175, 129
3. ஏ: 224, 174, 143
4. ஐ: 224, 174, 144

தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள். காரைக்குடி, செட்டிநாடு, தேன்குழல் எதுவும் தப்பாது. காலி இடத்தைச் சந்திக்கும் மென்பொருள் சில பிழை காட்டி நிற்கும், சில கேள்விக்குறி வைக்கும், சில அதே எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் குறியாக வைத்துக்கொள்ளும். மூன்றாவது வகையில் மட்டுமே முழுமையாக மீட்க முடியும். மைஎஸ்கியூஎல்லின் லத்தீன்1 இந்த மூன்றாவது வகை என்பதால் அதற்குள்ளேயே நடந்த சிதைவைத் திருப்பிவிடலாம்.

கேள்விக்குறி வைத்த வகையில் கையில் மிஞ்சுவது 224, 175, பிறகு தெரியாத ஒன்று. அது புள்ளியா, உகரமா? க் என்றிருந்ததா, கு என்றிருந்ததா? பைட்டைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ‘காரைக்குடி’யில் அடுத்தடுத்து வரும் இரண்டு ககரங்களும் ஒன்றுபோலவே நிற்கும். அகராதியை வைத்துக்கொண்டு ஊகிக்கலாம். ஊர்ப்பெயருக்கு அது உதவும், விலாசத்தோடு எழுதிய ஆள்பெயருக்கு உதவாது. எனவே பிரதி எடுத்து வைக்காமல் மூலத் தரவுத்தளத்தின் மேலேயே ‘திருத்தும்’ நிரலை ஓட்டுவது கூடவே கூடாது.

## கோப்பு நிராகரிக்கப்படும் காரணங்கள்

1. பாதியில் வெட்டுதல். பொருளின் பெயருக்கு 50 பைட் இடம் என்று வைத்திருக்கிறார்கள்; ஆரக்கிள் தரவுத்தளத்தில் இயல்பாக நீளம் பைட்டில்தான் எண்ணப்படும். இடைவெளியில்லாத தமிழில் 16 குறியெண்கள் முழுதாகப் போய், 17ஆவதன் இரண்டு பைட் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு நிரல் அதை வெட்டினால், அந்த ஒட்டுத்துண்டு பார்சரை நிறுத்திவிடும். பிஎச்பியின் பழைய வெட்டும் செயல்கூறும் பைட்டைத்தான் எண்ணுகிறது. குறியெண்ணை எண்ணி வெட்டினால் எக்ஸ்எம்எல் தப்பிக்கும். ஆனால் ‘கு’வின் உகரம் விடுபட்டு ‘க’ ஆகிவிடலாம். மெய்யும் அதன் துணைக்குறியும் சேர்ந்ததை ஒரே எழுத்துக்கூட்டாக எண்ணி வெட்டும் கருவியே தமிழுக்கு ஏற்றது.

2. & என்ற குறி. <பலகாரம்>சீடை & தேன்குழல்</பலகாரம்> என்பது பிழை; <பலகாரம்>சீடை &#38; தேன்குழல்</பலகாரம்> என்பது சரி. இது குறியாக்கப் பிரச்சினையே இல்லை. ஆனால் தமிழ்ப் பெயர் உள்ள வரியில் பிழை வருவதால் பழி தமிழின் மேல் விழுகிறது. உள்ளே இருப்பதை வெறும் உரையாகவே படிக்கச் சொல்லும் சிடேட்டா பகுதிக்குள் வைப்பது இந்தக் குறிக்கு மருந்தாகும். தவறான பைட்டுக்கு ஆகாது.

3. அறிவிப்புக்கு முன்னால் எதோ ஒன்று. நிரல் கோப்புகளில் ஒன்றின் முடிவில் விட்ட வெற்று வரி, அல்லது இன்னொன்றின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பைட் வரிசைக் குறி (239, 187, 191) வெளியீட்டில் கசிந்துவிடும். எக்ஸ்எம்எல்லின் தொடக்கத்தில் அந்தக் குறி ஒருமுறை இருக்கலாம். இரண்டு கோப்புகளை ஒட்டும்போது இரண்டாவதாக வரும் குறிதான் கெடுதி.

4. பொய் அறிவிப்பு. டாட் நெட் என்ற நிரலாக்கத் தளத்தில் எக்ஸ்எம்எல்லை நினைவகத்தில் ஓர் எழுத்துச் சரமாக உருவாக்கினால் அறிவிப்பு யூடிஎஃப்-16 என்று வரும். அதை யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் முதல் வரியே பொய்.

5. தடை செய்யப்பட்ட குறியெண்கள். 32க்குக் கீழே 9, 10, 13 தவிர எதற்கும் எக்ஸ்எம்எல் 1.0இல் இடமில்லை, எண் வடிவில் எழுதினாலும் இல்லை. நம் ஊர்க் கடைகளின் கணக்கைச் சுமக்கும் டேலி மென்பொருள் வெளியிடும் எக்ஸ்எம்எல்லில் &#4; என்ற குறிப்பு வருவதுண்டு. டேலிக்கு அது புரியும். விதிப்படி நடக்கும் பார்சர் நின்றுவிடும். படிப்பதற்கு முன்பே அதை நீக்கிவிட வேண்டும்.

## பழைய எழுத்துருத் தரவு

யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் அச்சகங்களிலும் பழைய கடைக் கணினிகளிலும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது லத்தீன் எழுத்துகள். தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. அதை யூடிஎஃப்-8 ஆக்கினால் செல்லுபடியாகும் எக்ஸ்எம்எல் கிடைக்கும், தமிழ் கிடைக்காது. முதலில் எழுத்துரு மாற்றி, பிறகுதான் மற்றவை.

## பேரேட்டுக் குறிகளும் நான்காவது பைட்டும்

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய தொழிலின் கணக்கேடுகளை மின்மயமாக்க நினைப்பவர்கள் இன்னொரு சுவரில் முட்டுவார்கள். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ போன்ற குறிகள் 2003இல் யூனிகோடு 4.0இல் சேர்ந்துவிட்டன, அவை மூன்று பைட். ஆனால் முந்திரி முதலான பழைய பின்னங்கள் 2019இல் 12.0 பதிப்பில், 73664இல் தொடங்கும் தனித் தொகுதியில்தான் இடம்பெற்றன. அங்கே ஒவ்வொன்றும் நான்கு பைட். மைஎஸ்கியூஎல் ‘யூடிஎஃப்8’ என்று அழைத்துவந்த வகை மூன்று பைட்டோடு நின்றுவிடும். தவறான தரவை மறுக்கும் கண்டிப்பு முறை அணைந்திருந்தால் முந்திரிக்குறி வரும் இடத்திலிருந்து மீதி வரி முழுவதும் எச்சரிக்கையோடு வெட்டப்படலாம். வாடிக்கையாளர் கருத்தில் போடும் கைகூப்பிய படக்குறிக்கும் இதே கதிதான். தீர்வு ‘யூடிஎஃப்8எம்பி4’. 2010இலேயே வந்துவிட்ட அதைப் புதிய அட்டவணைகளில் பயன்படுத்தாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

## ஒன்றுபோலத் தெரியும் இரண்டு

ஓலைக் கொட்டான் விற்கும் தளத்தில் ‘கொட்டான்’ என்று தேடினால் பாதிப் பொருள்கள் மட்டும் வருகின்றன என்றால், இங்கே பார்க்க வேண்டும். ஒகரக் குறியை 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். 3014, 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பார்சரும் இரண்டையும் ஏற்கும், ஒப்பிடும் நிரல் மட்டும் வேறு என்று சொல்லும். எக்ஸ்எம்எல்லை உள்வாங்கும் இடத்தில் பலவிதமாக எழுதிய ஒரே எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகும்.

‘ஸ்ரீ’ அதற்கும் கட்டுப்படாது. ஸ என்ற எழுத்தில் தொடங்கியும், 2005இல் சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் அதே வடிவம் கிடைக்கும். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. கோயில் பெயர்கள் நிறைந்த பட்டியலில் இதற்கென்று தனி விதி எழுத வேண்டியிருக்கும்.

## எங்கே திருத்துவது

படிவம், நிரல், தரவுத்தள இணைப்பு, அட்டவணை, எக்ஸ்எம்எல் எழுதும் கருவி, எச்டிடிபி தலைப்பு, பெறுபவரின் பார்சர் என்று தரவு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் பைட்களைப் பார்க்க வேண்டும். திரையைப் பார்த்துப் பயனில்லை. திரையும் ஒரு கைமாற்றம்தான். ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் 224, 174, 149 இருந்தால் அதுவரை நலம். பெரும்பாலான கருவிகள் பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்ட எண்ணில் காட்டும். மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். முதல் தவறு தெரியும் இடத்தில் மட்டும் திருத்தி, அதற்குப் பின்னால் யாரோ ஒட்டுப்போட்டு வைத்திருக்கும் மாற்றங்களை எடுத்துவிட வேண்டும்.

எதிர்முனை மென்பொருளைத் தொடவே முடியாது என்றால் தமிழ் முழுவதையும் &#2965; போன்ற எண் வடிவில் அனுப்பலாம். அந்த எண் எப்போதும் யூனிகோடு குறியெண்தான் என்பதால் குறியாக்கம் எதுவானாலும் ‘க’ ‘க’வாகவே போய்ச் சேரும். கோப்பு பெருக்கும், மனிதரால் படிக்க முடியாது. வேறு வழியில்லாதபோது மட்டும் இது போதும்.

சோதனைக்கு ‘அம்மா’ என்றோ ‘வணக்கம்’ என்றோ ஒரு சொல்லை அனுப்பிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் அதிகம். அதற்குப் பதிலாக ‘ஏழுமலை & ஐயனார், காரைக்குடி, கொட்டான்’ என்ற வரியோடு 73664 என்ற குறியெண் கொண்ட முந்திரிக் குறியையும் சேர்த்து ஒரு பொருளின் பெயராக வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அனுப்பிப் பார்க்கலாம். ஏ, ஐ, புள்ளி, உகரம் நான்கில் எது சிதைந்தாலும் வழியில் விண்டோஸ்-1252 இருக்கிறது. முந்திரிக்குறி வர வேண்டிய இடத்தில் வரி வெட்டுப்பட்டிருந்தால் தரவுத்தளம் மூன்று பைட்டோடு நிற்கிறது. கோப்பே திரும்பி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த & குறியை.